கிளெய்ம் என்றால் என்ன? புதிதாக சைட்டுக்கு வரும் இன்ஜினியருக்கு

வேலையெல்லாம் முடிந்து கடைசி பில் போடும்போதுதான் பல கான்ட்ராக்டர்களுக்கு நட்டக் கணக்கு கண்ணில் படும். உடனே ஹெட் ஆபீஸிலிருந்து ஒருவரை அனுப்பி, "நடந்ததையெல்லாம் சேர்த்து ஒரு கிளெய்ம் போடுப்பா" என்பார்கள். அவர் இரண்டு வருடக் கோப்புகளைப் புரட்டுவார். வரைபடம் தாமதமாக வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதைச் சொல்லும் கடிதம் ஒன்றுகூட இருக்காது. கிளெய்ம்கள் பெரும்பாலும் அங்கேயே தோற்றுவிடுகின்றன. வாதம், வக்கீல் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

அடிப்படையிலிருந்து பார்ப்போம். ஒரு கட்டுமான ஒப்பந்தம் மூன்று விஷயங்களை முடிவு செய்கிறது: என்ன வேலை, எவ்வளவு காலத்தில், எவ்வளவு பணத்துக்கு. கூடவே, எது நடந்தால் யார் பொறுப்பு என்றும் பிரித்துக் கொடுக்கிறது. இடத்தைக் காலி செய்து ஒப்படைப்பது, வரைபடம் தருவது, பில்லை நேரத்துக்குப் பாஸ் செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. ஆள் சேர்ப்பது, இயந்திரம் ஓட்டுவது, சிமெண்டு கம்பி வாங்குவது கான்ட்ராக்டரின் பொறுப்பு. அந்தப் பக்கத்தின் பொறுப்பில் இருந்த ஒன்று தவறி, அதனால் இந்தப் பக்கத்துக்கு நாளோ பணமோ கூடுதலாகப் போனால், ஒப்பந்தப்படி அதைத் திருப்பிக் கேட்பதுதான் கிளெய்ம். இதில் சண்டை எதுவும் இல்லை. நடந்த வேலைக்கு அவ்வப்போது ஆர்.ஏ. பில் போடுவது போல இதுவும் ஒப்பந்தம் தரும் ஓர் உரிமை.

வேரியேஷன் வேறு, கிளெய்ம் வேறு. "இந்த அறையில் இன்னொரு கதவு வையுங்கள்" என்று வேலை கொடுப்பவர் தரப்பில் ஒப்பந்தத்தைக் கவனிக்கும் இன்ஜினியர் உத்தரவு போட்டு, ரேட்டும் முடிவாகிவிட்டால் அது வேரியேஷன். நேராக பில்லில் ஏறும். "அந்தக் கதவு ஏற்கெனவே உங்கள் வேலையில் அடங்கியதுதான்" என்று அவர் மறுத்தால், அப்போது அது கிளெய்ம் ஆகிறது. வாய்வார்த்தையாக வரும் உத்தரவுகள்தான் இந்த நிலைக்கு அடிக்கடி போகும். அன்று மாலையே, "இன்று காலை சைட்டில் தாங்கள் சொன்னபடி இந்த வேலையைத் தொடங்குகிறோம்" என்று ஒரு மெயில் போட்டு வைப்பது நல்லது. சைட் ஆர்டர் புக் இருந்தால் அதில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

நாள் வேறு, பணம் வேறு

புதியவர்கள் குழம்பும் முதல் இடம் இது. கால நீட்டிப்பு கிடைத்துவிட்டால் பணமும் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது. கால நீட்டிப்பு என்பது எல்.டி. எனப்படும் தாமத அபராதத்திலிருந்து காப்பாற்றும் குடை. அதற்கு மேல் பணம் வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் பிரிவைக் காட்ட வேண்டும், தனிக் கணக்கும் காட்ட வேண்டும்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நவம்பரில் மழை பெய்தது என்று கிளெய்ம் போட்டால் இன்ஜினியர் சிரிப்பார். வடகிழக்குப் பருவமழை வரும் என்று தெரிந்துதானே டெண்டர் போட்டீர்கள்? ஆனால் 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டித் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அது வேறு ரகம். அப்படிப்பட்ட மழைக்கு நாள் கேட்கலாம். அப்போதும் வானிலை ஆய்வு மையத்தின் பழைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். பல ஒப்பந்தங்களில் மழைக்கு நாள் மட்டும்தான், பணம் கிடையாது. ஏனென்றால் மழை யாருடைய தவறும் இல்லை. கொரோனா காலத்திலும் இதுதான் நடந்தது. 2020 மே 13-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட உத்தரவு, ஒப்பந்தங்களை மூன்று முதல் ஆறு மாதம் வரை நீட்டிக்க இடம் கொடுத்தது. அபராதமும் கிடையாது, கூடுதல் செலவும் கிடையாது என்ற அடிப்படையில்.

முதல் கடிதம்

ஒப்பந்தத்தை வாங்கியதும் நான் முதலில் தேடுவது நோட்டீஸ் கெடு எங்கே இருக்கிறது என்பதைத்தான். உலக வங்கி, ஏ.டி.பி. எனப்படும் ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பானின் ஜைக்கா போன்ற அமைப்புகளின் கடனில் நடக்கும் பெரிய வேலைகளில் ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளைப் பார்க்கலாம். ஃபிடிக்கின் 1999 சிவப்புப் புத்தகத்தில் 20.1 பிரிவு சொல்வது இது: சம்பவம் தெரியவந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் நாளும் இல்லை, பணமும் இல்லை. முழு விவரத்துடன் கூடிய கிளெய்முக்கு 42 நாள். 2017 பதிப்பில் நோட்டீஸுக்கு அதே 28 நாள்தான். முழு விவரத்துக்கு மட்டும் 84 நாளாக நீண்டிருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையான சி.பி.டபிள்யூ.டி.யின் பொது நிபந்தனைகளில் கால நீட்டிப்புக்கான விண்ணப்பத்தைத் தடங்கல் ஏற்பட்ட 14 நாளுக்குள் உரிய படிவத்தில் கொடுக்க வேண்டும்.

"இந்தியச் சட்டத்தில் இப்படிக் கெடு வைத்து உரிமையைப் பறிக்க முடியாதே?" என்று கேட்பவர்களும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 28-ஆவது பிரிவை 1997-இல் திருத்தினார்கள். குறிப்பிட்ட கெடு முடிந்ததும் ஒருவரின் உரிமை அழிந்துவிடும் என்று சொல்லும் நிபந்தனை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. நோட்டீஸ் கெடு அதற்குள் அடங்குமா என்று வக்கீல்கள் வாதிடுவார்கள். வாதிடட்டும். 28 நாளுக்குள் ஒரு பக்கக் கடிதம் போட முடிகிறபோது, அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவையும் பாருங்கள். காலம் முக்கியம் என்று வைத்த ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு தாமதமாகச் செய்ததை நாம் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே "இழப்பீடு கேட்போம்" என்று அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்க வழியில்லை.

நோட்டீஸ் என்றதும் பயப்பட வேண்டாம். ஓர் உதாரணம். ஒரு கல்லூரி விடுதிக் கட்டடம். மதிப்பு 18 கோடி ரூபாய், காலம் 450 நாள். மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களான பைல்களைப் போட்டு முடித்ததும், அவற்றின் தலையைச் சேர்த்துக் கட்டும் பைல் கேப் வேலை. அதன் கம்பி வரைபடம் ஜூன் 10-க்குள் வர வேண்டும், வரவில்லை. ஜூன் 14-இல் போக வேண்டிய கடிதம் இவ்வளவுதான்:

"ஒப்புக்கொண்ட அட்டவணைப்படி பைல் கேப் கம்பி வரைபடம் ஜூன் 10-க்குள் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். இன்றுவரை கிடைக்கவில்லை. இதனால் பைல் கேப் வேலையைத் தொடங்குவது தள்ளிப்போகும். முடிவுத் தேதியும் தள்ளிப்போக வாய்ப்புண்டு. கூடுதல் செலவும் ஏற்படும். ஒப்பந்தத்தின் உரிய பிரிவுகளின்படி கால நீட்டிப்பும் செலவும் கோர இருக்கிறோம் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறோம். விவரங்கள் பின்னர் அனுப்பப்படும்."

இதில் ரூபாய் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பிரிவு எண்ணைச் சேர்த்து, ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, சொன்ன வழியில் அனுப்பி, ஒப்புகை வாங்கினால் போதும். இந்தக் கடிதத்தைப் போட விடாமல் தடுப்பது பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்களே. "இப்பவே லெட்டர் போட்டா கிளையண்ட் முகம் சுளிப்பாரு, அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்பார் ப்ராஜெக்ட் மேனேஜர். எனக்கென்னவோ பல இன்ஜினியர்கள் கடிதத்தை வெறுப்பதில்லை என்றுதான் தோன்றுகிறது. அரசு வேலையில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியருக்கு உங்கள் பேரில் எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும், நாளை ஆடிட்டில் "எந்த அடிப்படையில் நீட்டிப்பு கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் எடுத்துக் காட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைக் கொடுப்பது உங்கள் வேலை.

தினமும் எழுத வேண்டியது

நோட்டீஸ் போட்டாகிவிட்டது. அன்றிலிருந்து ஆவணம் சேர்க்க வேண்டும். தினசரி ரிப்போர்ட்டில் "வேலை நடக்கவில்லை" என்று எழுதினால் பயனில்லை. "பைல் கேப் வரைபடம் வராததால் கம்பி கட்டுபவர்கள் 14 பேர், சென்ட்ரிங் ஆட்கள் 26 பேர் சும்மா இருந்தனர், பேட்ச்சிங் பிளான்ட் ஓடவில்லை" என்று எழுத வேண்டும். யார், எத்தனை பேர், எந்த இயந்திரம், எந்தக் காரணம். ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் இருக்கும் வேலைகளில், தடங்கல் தொடங்கிய தேதியையும் நீங்கிய தேதியையும் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத ரெஜிஸ்டர் பாதி பலம்தான். துறை இன்ஜினியர் போட மறுத்தால், அந்தப் பக்கத்தை இணைத்து அன்றே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

போட்டோ எடுங்கள், தேதி தெரியட்டும், சுற்றியிருப்பதும் தெரியட்டும். வாடகை பில், மஸ்டர் ரோல் எனும் ஆள் வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், டீசல் பதிவு எல்லாம் மாத வாரியாக இருக்கட்டும். பின்னால் உட்கார்ந்து தயாரித்த ரிப்போர்ட்டைப் படிப்பவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே நடை, மழை நாளிலும் மண் படாத தாள்!

காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில்

"வரைபடம் 45 நாள் தாமதம், ஆகவே 45 நாள் கொடு" என்று கேட்பது சரியான கிளெய்ம் இல்லை. வரைபடம் தாமதமானது ஒரு சம்பவம். அதனால் கட்டடம் முடியும் தேதி தள்ளிப்போனதா என்பது தனிக் கேள்வி. சில வேலைகள் பத்து நாள் தள்ளினாலும் முடிவுத் தேதி அசையாது, அவற்றுக்கு இடைவெளி உண்டு. எந்த வேலைச் சங்கிலியில் ஒரு நாள் தவறினால் முடிவும் ஒரு நாள் தவறுமோ, அதுவே கிரிட்டிகல் பாத். கேட் பக்கத்துக் காம்பவுண்டு சுவர் வரைபடம் இரண்டு மாதம் தாமதமானாலும் அநேகமாக ஒன்றும் ஆகாது. பைல் கேப் அப்படியில்லை, மேலே எழும் அத்தனை மாடியும் அதற்காகக் காத்திருக்கும். இதைக் காட்ட, இன்ஜினியர் ஏற்றுக்கொண்ட ப்ரோக்ராம், அதாவது வேலை அட்டவணை, கையில் இருக்க வேண்டும், மாதாமாதம் அப்டேட் செய்தும் இருக்க வேண்டும்.

இனி சங்கடமான பகுதி. நம் உதாரணத்தில் வரைபடம் ஜூலை 25-இல் வந்தது. 45 நாள் தாமதம். ஆனால் கான்ட்ராக்டரின் பைல் போடும் இயந்திரமான பைலிங் ரிக் பழுதாகி, ஜூன் 10-இல் முடிய வேண்டிய பைல்கள் ஜூன் 22-இல்தான் முடிந்தன. முதல் 12 நாள், வரைபடம் கையில் இருந்திருந்தாலும் பைல் கேப் தொடங்கியிருக்க முடியாது. இரண்டு பக்கத் தவறும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கிறது. இதைக் கன்கரண்ட் டிலே என்பார்கள். பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் வெளியிட்ட தாமத நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2017-இல் வந்தது. இந்த மாதிரி நேரத்தில் நாள் கொடுக்கலாம், வேலை நீண்டதால் ஆகும் செலவு கொடுக்க வேண்டியதில்லை என்ற அணுகுமுறையை அது எடுக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் முதலில். இங்கே அந்த அணுகுமுறைப்படி நாள் 45, பணம் 33 நாளுக்கு.

ரிக் பழுதை மறைத்துவிடலாமே என்று தோன்றும். மறைக்காதீர்கள். துறையின் டைரியிலும் அது இருக்கும். முதல் பக்கத்திலேயே நீங்கள் சொல்லிவிட்டால், மற்ற பக்கங்களை எதிர்த்தரப்பு கொஞ்சம் நம்பிப் படிக்கும்.

பணக் கணக்கு

இந்தக் கணக்கில் உள்ள தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. சைட்டை நடத்த ஆகும் செலவு, அதாவது இன்ஜினியர் சம்பளம், ஆபீஸ் வாடகை, வாட்ச்மேன், ஜெனரேட்டர், மின்சாரம் எல்லாம் சேர்த்து கணக்குப் புத்தகப்படி நாளுக்கு 21,000 ரூபாய். 33 நாளுக்கு 6,93,000. பேட்ச்சிங் பிளான்ட் வாடகை நாளுக்கு 9,000. ஆனால் 33 நாளில் 8 நாள் அது காம்பவுண்டு சுவர் கான்கிரீட்டுக்கு ஓடியது. மீதி 25 நாளுக்கு 2,25,000. ஆட்கள் 40 பேர். ஐந்து நாள் பார்த்துவிட்டு அவர்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே 5 நாள், தலைக்கு 800 ரூபாய், 1,60,000. மொத்தம் 10,78,000 ரூபாய்.

ஆட்களை மாற்றியதால் தொகை குறைந்ததே என்று வருத்தப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, இழப்பைக் கணக்கிடும்போது அதைக் குறைக்க இருந்த வழிகளையும் பார்க்கச் சொல்கிறது. 33 நாளும் 40 பேரைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தேன் என்றால், "ஏன் வைத்திருந்தீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக வரும்.

இன்னொன்று: நாள் செலவை எடுக்கும்போது தாமதம் நடந்த ஜூன், ஜூலை மாதக் கணக்கை எடுக்க வேண்டும். வேலை கடைசியில் நீண்ட நாள்களின் கணக்கை எடுப்பது பரவலான தவறு. கடைசி மாதங்களில் சைட்டில் பாதி ஆள்கூட இருக்க மாட்டார்கள்.

ஹெட் ஆபீஸ் செலவும் லாப இழப்பும் கேட்க ஹட்சன் ஃபார்முலா என்று ஒன்றைச் சொல்வார்கள். டெண்டரில் வைத்த ஹெட் ஆபீஸ், லாப சதவீதம் 10 என்றால், 18 கோடியை 450 நாளால் வகுத்து நாளுக்கு 4 லட்சம், அதில் 10 சதவீதம் 40,000, 33 நாளுக்கு 13,20,000. பாருங்கள், பில்லோடு நிரூபித்த செலவையே தாண்டிவிட்டது. இதனால்தான் எல்லோருக்கும் இதன்மேல் ஆசை. இதில் ஒரு கோளாறு, ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே லாபமும் ஹெட் ஆபீஸ் செலவும் இருக்கின்றன; லாபத்தின் மேல் லாபம் கேட்கிறது கணக்கு. 2006-இல் மெக்டெர்மாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஹட்சன், எம்டன், ஐக்லி ஆகிய மூன்றையும் பயன்படுத்தக்கூடிய ஃபார்முலாக்களாகவே பார்த்தது. ஆனால் 2023-இல் ஆல் இந்தியா ரேடியோவுக்கு எதிரான யூனிப்ராஸ் வழக்கில், லாப இழப்பு கேட்க வெறும் ஃபார்முலா போதாது, அந்த நேரத்தில் வேறு வேலை கிடைத்திருக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் வேண்டும் என்றது. இந்த ஆள்களும் இயந்திரமும் இங்கே மாட்டிக்கொண்டதால் கைவிட்ட டெண்டர், வந்த அழைப்புக் கடிதம் மாதிரி ஏதாவது இருந்தால் போடலாம். ஒன்றும் இல்லையென்றால், 10,78,000 ரூபாயை உறுதியாகக் கேட்பதே மேல் என்பேன்.

எழுதுவதும் கொடுப்பதும்

கிளெய்மைப் படிக்கப்போகிறவர் சைட்டையே பார்க்காத ஒருவர் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து, நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்து வைக்கும் நடுவரான ஓர் ஆர்பிட்ரேட்டரும் இதைப் படிக்கலாம். முதல் பக்கத்தில் எத்தனை நாள், எவ்வளவு ரூபாய், எந்தப் பிரிவு. அப்புறம் தேதி வாரியாக நடந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இணைப்பு எண். பின் ப்ரோக்ராமில் ஏற்பட்ட விளைவு, பின் கணக்கு. நடையில் கோபம் வேண்டாம். "கிளையண்டின் அலட்சியத்தால்" என்று எழுதுவதை விட "ஜூன் 10-இல் வர வேண்டியது ஜூலை 25-இல் வந்தது" என்று எழுதினால் வேலை நடக்கும்.

தவிர்க்க வேண்டிய ஒன்று, எல்லாத் தாமதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி "திட்டமிட்டது 18 கோடி, ஆனது 21 கோடி, மூன்று கோடி கொடு" என்று கேட்பது. அந்த மூன்று கோடியில் உங்கள் டெண்டர் தவறு எவ்வளவு, வீணாக்கிய கம்பி எவ்வளவு என்று பிரிக்க வழியே இருக்காது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனி நாள், தனிக் கணக்கு. தாமதம் தொடர்ந்துகொண்டே இருந்தால் மாதம் ஒரு இடைக்கால விவரம் கொடுத்து வாருங்கள்.

கொடுத்த பின் இன்ஜினியர் கேள்வி கேட்பார், தொகையைக் குறைப்பார், மறுக்கவும் செய்வார். ஒப்பந்தத்தில் சொன்ன அடுத்த படிக்கு, அதற்குரிய கெடுவுக்குள் போக வேண்டும். ஆர்பிட்ரேஷன் இருக்கிறதே என்ற தெம்பும் இப்போது முன்போல் இல்லை. அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் 10 கோடி ரூபாய்க்கு உட்பட்ட தகராறுகளோடு ஆர்பிட்ரேஷனை நிறுத்திக்கொள்ளலாம், பெரியவற்றுக்கு அதை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஜூன் 3-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே இன்ஜினியர் மேசையிலேயே முடிகிற மாதிரி கிளெய்மைத் தயாரிப்பது பணத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

இரண்டு இடங்களில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். ஒன்று, நீட்டிப்புக் கடிதம். "கூடுதல் செலவு எதுவும் கோர மாட்டோம்" என்று ஒரு வரி அதில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். தாமதத்துக்கு நாள் மட்டும்தான், பணம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பிரிவுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. இன்னொன்று, கடைசி பில்லோடு வரும் நோ கிளெய்ம் சர்டிபிகேட், அதாவது இனி எதுவும் கேட்க மாட்டோம் என்ற சான்று. கட்டாயத்தின் பேரில் வாங்கியது என்று காட்ட முடிந்தால் அது ஆர்பிட்ரேஷனுக்குத் தடையில்லை என்று 2008-இல் போகரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டாயம் என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், பில் தொகை கிடைப்பதற்காக மட்டும் இதைத் தருகிறோம், நிலுவையில் உள்ள கிளெய்ம்கள் இன்னின்னவை என்று தேதியிட்ட கடிதம் ஒன்றை அதற்கு முன்பே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பணம் வந்து ஆறு மாதம் கழித்து எழுதும் கடிதத்தை யாரும் கட்டாயம் நடந்ததற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.